தெருவில் மிரளும் இரண்டரை வயசுப் பெட்டைக் குதிரை: கையில் பிடித்து நடத்தியே ரோட்டுக்குப் பழக்குவது எப்படி?

கானத்தூர் லாயம்:

எல்லாருக்கும் வணக்கம். மார்வாரிப் பெட்டை, இரண்டரை வயசு, 58 இஞ்ச் உயரம். முதுகில் இன்னும் யாரும் ஏறவில்லை, இன்னும் ஒரு வருஷத்துக்கு ஏறுவதாகவும் இல்லை. அதுவரை கையில் பிடித்து நடத்தியே ரோட்டுக்குப் பழக்கிவிடலாம் என்று திட்டம். லாயத்துக்குள் சொன்ன பேச்சு கேட்கும். ஹால்டர் (தலைக்கயிறு) மாட்ட விடும், நாலு காலும் தூக்கிக் கொடுக்கும், லஞ்ச் கயிற்றில் (வட்டமாகச் சுற்ற விடும் நீளக் கயிறு) இரண்டு பக்கமும் சுற்றும். கேட்டைத் தாண்டினால்தான் வம்பு.

தெரு இருபதடி அகலம், நடைபாதை கிடையாது, முக்கால் கிலோமீட்டரில் ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை). தண்ணி லாரி எதிரே வந்தால் நின்று, தலையைத் தூக்கி, அப்படியே பின்னாலேயே போகிறது. சைஸ் (குதிரையைப் பார்த்துக்கொள்பவர்) முன்னால் நின்று இழுத்தால் இன்னும் வேகமாகப் பின்னால் போகிறது. இடது ஓரத்தில் குப்பைத்தொட்டியோ கிழிந்து ஆடும் பிளக்ஸோ இருந்தால் நடுத்தெருவுக்குப் பாய்கிறது. பைக்குகளைக் கண்டுகொள்வதில்லை, ஷேர் ஆட்டோ பின்னால் வந்தால் மட்டும் துள்ளுகிறது.

சைஸ் சொல்லும் வைத்தியம்: "ரெண்டு நாள் ஈ.சி.ஆர். ஓரமா கட்டிப் போடுங்க, தானா அடங்கிடும்." இன்னொருவர் பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும் கண்பட்டை மாட்டச் சொல்கிறார். எந்தப் பக்கம் நின்று பிடிப்பது, என்ன மாட்டுவது, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கடிவாளம்:

முதலில் கட்டிப் போடுகிற யோசனையைக் கைவிடுங்கள். கட்டிய குதிரை மிரண்டால் முழு எடையோடு பின்னால் இழுக்கும். ஹால்டர் அறுந்தால் மல்லாந்து விழும், அறாவிட்டால் காதுக்குப் பின்னால் பிடரித் தசையும் கழுத்தெலும்பும் அடிவாங்கும். இரண்டு நாளில் அசையாமல் நிற்பது போலத் தெரிந்தாலும் அதைப் பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஓட வழியில்லை என்று உறைந்து நிற்கிறது, அவ்வளவுதான். கயிறு அவிழ்ந்த அன்று உள்ளே இருந்த பயம் மொத்தமும் வெளியே வரும்.

பின்வாங்குவது ஏன்? குதிரைக்குக் கண் பக்கவாட்டில். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்ச தூரமும் வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது, மற்றபடி ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். எதிரே ஒன்று பெரிதாகிக்கொண்டே வந்தால் தலையைத் தூக்கி, தூரத்தைக் கணக்குப் போட நேரம் கேட்கும். அந்த நேரம் பார்த்து முன்னால் நின்று இழுத்தால் மூன்று தப்பு ஒன்றாக நடக்கிறது. அதன் பார்வையை மறைக்கிறீர்கள். பிடரியில் அழுத்தம் விழுகிறது, அழுத்தத்துக்கு எதிராக இழுப்பது அதன் பிறவிக்குணம். போதாக்குறைக்கு, பாய்ந்தால் முதலில் மிதிபடப்போவது சைஸ். முதல் வேலை, அவரைத் தோளுக்குப் பக்கத்தில் வரச் சொல்லுங்கள். குதிரை நின்றால் நிற்கட்டும், கயிற்றில் தொய்வு இருக்கட்டும். இரண்டு காதும் லாரிப் பக்கம் இருக்கும்வரை அது யோசித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். காதுகள் பின்னால் மடங்கி, உதடு இறுகி, கண் வெள்ளை தெரிந்தால் தூரம் போதவில்லை. உடனே பக்கவாட்டில் நடத்தி இடைவெளியைக் கூட்டுங்கள்.

தெருவுக்குப் போவதற்கு முன் லாயத்துக்குள் முடிக்க வேண்டியவை: தோள் அருகே நீங்கள் நின்றால் அதுவும் நிற்பது, முப்பது விநாடி அசையாமல் நிற்பது, விரல் நுனியில் தொட்டால் தோளை அந்தப் பக்கம் நகர்த்துவது, கயிற்றை லேசாகக் கீழே பிடித்தால் தலையை இறக்குவது, சொன்னால் நாலு எட்டு பின்னால் போவது. இது எல்லாமே இடமும் வலமும். நம் ஊரில் குதிரையை இடப்பக்கம் நின்றே பிடித்துப் பழக்குவதால் வலப்பக்கம் போனால் பல குதிரைக்கு ஒன்றுமே புரியாது. இதைச் சரியாக முடிக்காமல் கேட்டைத் திறக்காதீர்கள்.

லாரிக்கு வருவோம். நகர்கிற லாரியைக் கொண்டு ஆரம்பிக்கக் கூடாது. உங்கள் லாயத்துக்கே தண்ணி லாரி வரும் அல்லவா, அதுதான் வாத்தியார். இன்ஜின் அணைந்து நிற்கும்போது 30 மீட்டர் தள்ளி வாளியில் கொஞ்சம் தீனியோடு நடத்துங்கள். தலை இறங்கி, வாய் அசைபோட்டு, ஒரு பெருமூச்சு விட்டால் ஐந்து மீட்டர் கிட்டே போய், அதன் முகம் மாறுவதற்கு முன்னாலேயே திரும்பி விலகுங்கள். கிட்டே போவதைவிட விலகி வருவதுதான் அதற்குப் பரிசு. இன்ஜின் ஓடும்போது இதையே மறுபடி தூரத்திலிருந்து தொடங்குங்கள். ஏர் பிரேக் "புஸ்" என்று விடும் காற்றும், கீழே சொட்டுகிற தண்ணியும் இன்ஜின் சத்தத்தைவிட அதிகமாக மிரட்டும். டிரைவரிடம் சொல்லி வைத்து, குதிரை தூரத்தில் இருக்கும்போது இரண்டு மூன்று தடவை பிரேக் காற்றை விடச் சொல்லலாம்.

நகரும் வண்டிக்கு ஒரு வரிசை உண்டு. விலகிப் போகும் வண்டியைக் குதிரை பின்தொடர்வது முதல் படி. ஒருவர் ஸ்கூட்டரை நடைவேகத்தில் ஓட்டட்டும், பத்து மீட்டர் பின்னால் நீங்கள் போங்கள். துரத்துகிற பொருள் எது, ஓடுகிற பொருள் எது என்பது குதிரை மனசில் தலைகீழாகிவிடும், சீக்கிரமே மோந்து பார்க்கக் கிட்டே போகும். அடுத்தது நிற்கும் வண்டியைக் கடப்பது. பிறகு எதிரே மெதுவாக வரும் வண்டி. பின்னாலிருந்து முந்திப் போகும் வண்டி கடைசி, ஏனென்றால் அது கண் தெரியாத இடத்திலிருந்து வருகிறது. உங்கள் பெட்டை ஷேர் ஆட்டோவுக்குத் துள்ளுவதும் இதனால்தான். அதன் தடதட சத்தம் முதலில் வருகிறது, உருவம் அப்புறம் திடீரென்று பக்கத்தில் முளைக்கிறது. பழக்கும் நாட்களில் பின்னால் ஆட்டோ கேட்டால் நின்று, தலையை அதைப் பார்க்கும்படி லேசாகத் திருப்பி, கடந்த பிறகு நடங்கள்.

நேரம்: 15, 20 நிமிஷம் போதும், வாரத்தில் நாலு நாள். ஒரே இடத்தில் போய்த் திரும்பி வராதீர்கள், "இங்கே வந்தால் வீட்டுக்குத் திரும்பணும்" என்று அதுவே முடிவெடுத்துத் திரும்பத் தொடங்கிவிடும். முடிந்தவரை சுற்றி வருகிற பாதையாகப் பாருங்கள்.

கயிறு பிடித்தவன்:

மேல சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு, அதுதான் குப்பைத்தொட்டி விவகாரத்துக்கு மருந்து.

குதிரை எதைப் பார்த்து மிரளுதோ அதைப் பார்த்தபடியே பின்பக்கத்தை எதிர்ப்பக்கம் வீசும். தொட்டி இடது ஓரத்துல இருக்கு, தலையை இடது பக்கம் திருப்பிப் பாக்குது, புட்டம் வலது பக்கம் வீசுது, அதாவது நேரா வண்டி வர்ற பக்கம். நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க? "பாரும்மா, ஒண்ணுமில்ல பாரு"ன்னு தலையைத் தொட்டிப் பக்கமே திருப்பிக் காட்டுறாங்க. அது தப்பு. தொட்டி வர்றதுக்கு நாலஞ்சு மீட்டர் முன்னாடியே தலையை லேசா வலது பக்கம், ரோட்டுப் பக்கம், கொண்டு வாங்க. இடது கண்ணு தொட்டியைப் பாத்துக்கிட்டுதான் இருக்கும், ஆனா உடம்பு வலப்பக்கம் வளைஞ்சிருக்கறதால மிரண்டாலும் பின்பக்கம் ஓரத்துக்குத்தான் போகும். முந்திப் போற வண்டிக்கும் இதே வளைவுதான் காப்பாத்தும். நின்னு முகர்ந்து பாக்க விடுற பாடத்தை வண்டி இல்லாத இடத்துல வச்சுக்கங்க.

அதனாலதான் ரோட்டுல குதிரையை உங்களுக்கு இடப்பக்கமா வச்சு நடத்தணும்னு சொல்றேன். நாம இடது ஓரமா, வண்டி போற திசையில போறோம். நீங்க குதிரைக்கு வலப்பக்கம், குதிரைக்கும் வண்டிக்கும் நடுவுல. தலை உங்க பக்கம் வளைஞ்சிருக்கும். இடது கை முகத்துலேர்ந்து ஒரு முழம் தள்ளி, மீதிக் கயிறு வலது கையில எட்டு மாதிரி மடிச்சு. கையில சுத்திக்காதீங்க. ஒரு பாய்ச்சல்ல விரல் போயிடும்.

சட்டத்தையும் தெரிஞ்சு வச்சுக்கங்க. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 132: வண்டியைப் பாத்து விலங்கு மிரளும்னு அதைப் பிடிச்சிருக்கறவர் நிறுத்தச் சொன்னா டிரைவர் நிறுத்தணும். கையைத் தூக்கிக் காட்டுங்க, சென்னையில பாதிப் பேர் ஹாரனை அமுக்குவாங்க, மீதிப் பேர் நிறுத்துவாங்க. நம்ம பக்கம் பொறுப்பும் இருக்கு. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 291 படி, விலங்கால ஆளுக்கு ஆபத்து வராம பாத்துக்கலைன்னா ஆறு மாசம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, ரெண்டுமோ.

ஒத்தை ஆளா கிளம்பாதீங்க. இன்னொருத்தர் பத்து மீட்டர் பின்னாடி, ஒளிரும் சட்டை போட்டு நடந்து வந்து வண்டிகளுக்குக் கை காட்டணும். பிடிக்கிறவருக்கு ஹெல்மெட், கையுறை, மூடின ஷூ. செருப்போட குதிரை பிடிக்கிறதை நம்ம சைஸ் அண்ணன்மாரெல்லாம் என்னிக்கு விடுவாங்களோ!

வெள்ளை நெற்றி:

கயிறு பிடித்தவன் அண்ணா, வளைவு பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் முதல் நாளே வலப்பக்கம் நிற்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. இடது ஓரத்துப் பொருளுக்கு மிரளும் குதிரை வலப்பக்கம்தான் பாயும். வலப்பக்கம் நிற்பது யார்? நீங்கள். உங்களுக்கு வலப்பக்கம் என்ன? ஷேர் ஆட்டோ. தோளைத் தொட்டால் நகரும் பாடம் வலப்பக்கத்தில் பதியாத குதிரையை அப்படிப் பிடித்தால் அது ஆளை இடித்துத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வரும்.

என் வரிசை இது. வண்டி அரிதான உட்தெருவில், வழக்கமான இடப்பக்கத்தில் நின்றே தொடங்குங்கள். அதே வாரங்களில் லாயத்துக்குள் வலப்பக்கப் பாடம் நடக்கட்டும். ஆடும் பிளாஸ்டிக் கவரை இடப்பக்கம் வேலியில் கட்டி, வலப்பக்கம் நின்று கடந்து பாருங்கள். உங்கள் மேல் ஒரு அடிகூடச் சாயாமல் போனால்தான் வண்டி ஓடும் தெருவில் வலப்பக்கம் மாறலாம். ஒன்றே கால் மீட்டர் பிரம்பு ஒன்று கையில் இருக்கட்டும், அடிக்க அல்ல. நுனியால் தோளைத் தொட்டு "அந்தப் பக்கம் போ" என்று சொல்ல உங்கள் கையை நீட்டித் தருகிறது, அவ்வளவே.

துணைக்குதிரை கிடைத்தால் பாதி வேலை குறையும். ரோட்டுக்குப் பழகிய, வயசான, நிதானமான குதிரையாக இருக்க வேண்டும். அதுவும் துள்ளும் குதிரையென்றால் ஒன்றின் பயம் இன்னொன்றுக்கு ஒட்டிக்கொள்ளும், அதற்குத் தனியாகப் போவதே மேல். முதலில் பெரியது முன்னால், குட்டி ஒன்றரைக் குதிரை நீளம் பின்னால், கிட்டே போனால் உதைபடும். பிறகு பக்கத்தில், ரோட்டுப் பக்கம் பெரியது, ஓரத்துப் பக்கம் குட்டி. அப்புறம் குட்டி முன்னால், பெரியது பின்னால். கடைசியில் தனியாக. நடுப்படிகளைத் தாண்டினால், துணை இல்லாத அன்று கேட்டிலேயே நின்று கனைக்கும்.

கானத்தூர் லாயம்:

மூவருக்கும் நன்றி. இப்போதைக்கு இடப்பக்கமே தொடங்குகிறேன். இப்போது மாட்டுவது நைலான் ஹால்டரும் சாதாரணக் கயிறும்தான். வாயில் இரும்பு (கடிவாளத்தின் வாய்க்கம்பி) வைத்தால் பிடி கிடைக்கும் என்கிறார் சைஸ். லாடமும் இன்னும் அடிக்கவில்லை, தார் ரோட்டுக்கு அடிக்க வேண்டுமா? கண்பட்டைக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

குளம்பு டாக்டர்:

இரண்டரை வயசில் வாயில் இரும்பு வைப்பதற்கு முன் வாயைத் திறந்து பாருங்கள். அந்த வயசில்தான் நடு முன்பற்கள் விழுந்து முளைக்கின்றன. அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரப்பற்கள் நாலரையில். கடைவாய்ப் பாற்பற்களும் இதே காலத்தில் தொப்பி மாதிரி கழன்று விழும், ஈறு வீங்கியிருக்கும். சில குதிரைக்குக் கடைவாய்ப் பல்வரிசைக்கு முன்னால் ஓநாய்ப்பல் என்று ஒரு சின்னப் பல்லும் இருக்கும், இரும்பு அதில் தட்டும். வலியால் தலையை உதறுவதைப் பயம் என்று நினைத்து நீங்கள் இன்னும் இறுக்குவீர்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்கள் குதிரை டாக்டரிடமோ பல்லைக் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

அதுவரைக்கும் கேவ்சன் போதும். மூக்கெலும்பின் மேல் பஞ்சு வைத்த பட்டையும், நடுவில் வளையமும் இருக்கும். மூக்குப்பட்டை கன்னத்து எலும்பு முனைக்குக் கீழே இரண்டு விரல் தள்ளி உட்கார வேண்டும். அதைவிடக் கீழே இறங்கினால் மூக்குத்துளை மேலுள்ள மெல்லிய குருத்தெலும்பை அழுத்தி மூச்சு முட்டும், முட்டினால் பயம் கூடும். வெறும் நைலான் ஹால்டர் ரோட்டுக்கு வேண்டாம், முகத்தில் சுற்றிக்கொண்டு கண்ணில் ஏறும். கயிறு பருத்தி, கட்டைவிரல் தடிமன், மூன்றரை மீட்டர். ஒரு ஆள் உயரக் கயிறு வைத்தால் குதிரை முன்கால் தூக்கும்போது உங்களுக்கு விலக இடமில்லை. ஐந்து மீட்டர் வைத்தால் காலில் சிக்கும்.

லாடம் இப்போது வேண்டாம். வாரத்தில் நாலு நாள், இருபது நிமிஷம் வாக்கிங் மட்டும் என்றால் வெறும் குளம்பே தாங்கும், தாரில் வழுக்கலும் குறைவு. வழவழப்பான இரும்பு லாடம் தேய்ந்த தாரிலும் மேன்ஹோல் மூடியிலும் சறுக்கும். வழுக்கி விழுந்த இடத்தை இளங்குதிரை வருஷக்கணக்கில் மறக்காது. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை குளம்பு சீவி, தேய்மானம் ஒரே பக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். தாரில் டிராட் (துள்ளு நடை) விட வேண்டாம். இந்த வயசில் முன்முழங்காலுக்கு மேலே எலும்பு வளரும் தட்டு இப்போதுதான் மூடுகிறது, முதுகெலும்பு இன்னும் பல வருஷம் எடுக்கும்.

ஒவ்வொரு நடைக்கும் பிறகு நாலு குளம்பையும் தூக்கிச் சுத்தம் செய்யுங்கள். ஜல்லி, கண்ணாடி, பந்தல் ஆணி எல்லாம் ஈ.சி.ஆர். ஓரத்தில் கிடைக்கும். ஆணி ஏறியிருந்தால் பிடுங்குவதற்கு முன் எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் போயிருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். டெட்டனஸ், ரேபிஸ் ஊசிகள் இரண்டும் தேதி தவறாமல் இருக்க வேண்டும், தெருநாய்கள் இருக்கும் ஊர் இது. நாய் குரைத்துக்கொண்டு வந்தால் நின்று, குதிரையின் முகத்தை நாய்ப் பக்கம் திருப்புங்கள். ஓடினால் நாய் துரத்தும், பின்னங்காலைத்தான் கடிக்கும்.

வெயில் காலத்தில் ஆறரைக்குள் வேலை முடிய வேண்டும், அதற்காக இருட்டில் கிளம்பாதீர்கள். குதிரைக் கண் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக நம்மைவிட ரொம்ப நேரம் எடுக்கும், எதிரே ஹெட்லைட் அடித்தால் அடுத்த பத்து அடியில் பள்ளமா நிழலா என்று அதற்குத் தெரியாது. விடிந்த பிறகு போங்கள்.

இன்னொன்று, தீனி. நாள் முழுக்க லாயத்தில் நிறுத்தி, கொள்ளும் ஓட்ஸும் கொட்டிவிட்டு ரோட்டுக்குக் கொண்டுபோனால் எந்தப் பாடமும் ஏறாது. வேலைக்கு ஏற்ற தானியம், மீதி புல். கிளம்புவதற்கு முன் அரைமணி அவிழ்த்து விட்டு ஓட விடுங்கள்.

கடிவாளம்:

கண்பட்டைக்குப் பதில்: வேண்டாம். ஜட்காக் குதிரைக்குக் கண்பட்டை போட்டதற்குக் காரணம் வேறு. அதன் பின்னாலேயே ஒரு வண்டி உருண்டு வருகிறது, அதைப் பார்க்காமல் இருக்க. நீங்கள் கற்றுக்கொடுப்பது பார்த்துப் பழகுவதை. பார்வையை மறைத்தால் சத்தம் மட்டும் வரும், எங்கிருந்து என்று தெரியாது. உங்கள் ஷேர் ஆட்டோ பிரச்சினை இரண்டு மடங்காகும். கழற்றிய அன்று மொத்தமும் புதுசு.

மிரண்ட பிறகு பேசிச் சமாதானம் செய்யலாமா, செல்லம் கொடுத்த மாதிரி ஆகிவிடுமா என்று சிலர் கேட்பார்கள். பிடரிமயிர் முடிகிற இடத்தில், முதுகு தொடங்கும் மேட்டில் விரலால் சொறிந்து கொடுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் சொறிவது அங்கேதான், இதயத்துடிப்பே இறங்கும். முகத்தில் தட்டுவது, கழுத்தில் பட்டென்று அடிப்பதெல்லாம் நமக்குத்தான் செல்லம், அதற்கு இல்லை.

பயத்தை அளக்க நாடியைப் பார்க்கலாம். தாடையெலும்பின் உள்விளிம்பில் கயிறு மாதிரி ஓடும் ரத்தக்குழாயை இரண்டு விரலால் தொட்டு, 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். ஓய்வில் 28 முதல் 44 வரை இருக்கும், இளசுக்குச் சற்று மேல்பக்கம். நடந்து திரும்பிப் பத்து நிமிஷம் நிழலில் நின்ற பிறகும் 60க்கு மேல் இருந்தால், வெயில் கடுமையில்லாத நாளாக இருக்கும்பட்சத்தில், அன்றைய பாடம் அதற்கு அதிகம். அடுத்த நாள் வண்டியிலிருந்து தள்ளி நிற்கும் தூரத்தைக் கூட்டி, நேரத்தைக் குறையுங்கள்.

கானத்தூர் லாயம்:

தெளிவாகிவிட்டது. கடைசியாக ஒன்று. ஆடி மாசம் வருகிறது. தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது நாலு திசையிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள், பறை இருக்கும், வெடியும் உண்டு. அந்த வாரங்களில் நிறுத்திவிடவா, இல்லை அதையும் பாடமாக்கலாமா?

கயிறு பிடித்தவன்:

ஸ்பீக்கர் பாட்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை, லாயத்துக்குள்ளயே அது கேட்டுப் பழகிடும். தீனி வைக்கிற நேரமும் பாட்டு ஓடுற நேரமும் ஒண்ணா இருந்தா ரொம்ப நல்லது. பறையை முன்கூட்டியே போன்ல பதிஞ்சு, சின்ன ஸ்பீக்கர்ல காதுக்கு எட்டியும் எட்டாமலும் ஆரம்பிச்சு, சாப்பிடும்போது போடுங்க. சாப்பாட்டை நிறுத்திட்டுத் தலையைத் தூக்கினா சத்தத்தை அதுக்கு முந்தின அளவுக்குக் குறைச்சுடுங்க.

வெடி வேற. பதிவுல அந்த அதிர்வு வராது, அதனால போன்ல பழகின குதிரை நிஜ வெடிக்கு நிக்கும்னு நம்பாதீங்க. சாமி ஊர்வலமோ சாவு ஊர்வலமோ, தெருவுக்குள்ள வர்றப்ப குதிரை கேட்டுக்கு உள்ளேயே இருக்கணும், பக்கத்துல துணைக்குதிரையோ ஆடோ இருக்கணும், முன்னாடி புல்லு. வெடி நாள்ல காதுல பஞ்சு வைக்கலாம், அதுக்கும் முன்னாடியே காதைத் தொட விடப் பழக்கி வச்சிருக்கணும், அன்னிக்குப் போய் காதைப் பிடிச்சா நடக்காது. கோயில் வேலை முடிஞ்ச மறுநாள் காலையில தெருவுல பந்தல் துணி, காகிதத் தோரணம், வெடிக்குப்பை எல்லாம் கிடக்கும். அன்னிக்கு இருபது நிமிஷம் வேண்டாம், பத்தே நிமிஷம், துணைக்குதிரை முன்னாடி, தெருமுனை வரைக்கும் மட்டும்.